மஞ்சள் காமாலைக்கு ஒரு விளக்கு: நாட்குறிப்பு

8 ஜூலை 2024, திங்கள்

காலையில் ஒரு வட்ட மருத்துவமனை. ஊர்ப் பெயர் வேண்டாம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் காமாலைக்கு ஒளி சிகிச்சை தரும் நான்கு போட்டோதெரபி விளக்குகள், நான்கும் எரிகின்றன. அறை முழுக்க நீலம். குழந்தை படுக்கும் இடத்தில் ஒளியை அளக்கும் ரேடியோமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. மூன்று விளக்குகளில் அளவு 10-ஐத் தாண்டவில்லை. காமாலை கடுமையாக இருக்கும் குழந்தைக்கு ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டாவது வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு மனப்பாடமான எண் அது.

ஒரு விளக்கில் இருப்பவை பழைய நீலக் குழல்கள். ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் ஓடிய பிறகும் அவை எரியும். ஆனால் வேண்டிய அலைநீளத்தில் ஒளி குறைந்துபோகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவதில், நீலக் குழல் கிடைக்காததால் கடைத்தெருவில் வாங்கிய வெள்ளை டியூப் லைட்டை மாட்டியிருக்கிறார்கள். மூன்றாவது நல்ல எல்.இ.டி. விளக்கு. ஆனால் மேலே வார்மரின், அதாவது குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் படுக்கையின், சூடேற்றி இருப்பதால் விளக்குக்கு இடமில்லை, ஓரமாகச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒளியில் பாதி தரைக்குப் போகிறது.

"எரியுதுல்ல சார், அப்புறம் என்ன பாக்கணும்?" என்றார் சிஸ்டர். நியாயமான கேள்வி. எரிகிறதா இல்லையா என்பதைத் தவிர வேறு எதையும் அந்தக் கருவி அவருக்குச் சொல்வதில்லை. அவர் கையில் ரேடியோமீட்டரும் கிடையாது.

9 ஜூலை, செவ்வாய்

பேருந்தில் வரும்போது ராச்ஃபோர்டு நினைவு. இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ஊர். 1956-இல் அங்கிருந்த மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற சிஸ்டர், வெயில் நாட்களில் குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவார். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடம்பில் மஞ்சள் வெளுத்திருந்தது. துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் அப்படியே இருந்தது. அதை மருத்துவர்களிடம் காட்டினார். அதே மருத்துவமனையில், ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்த மாதிரியில், காமாலையின் மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் குறைந்திருந்ததையும் கண்டார்கள். அங்கிருந்த மருத்துவர் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். போட்டோதெரபியின் பிறப்பு இதுதான்.

எனக்கு இதில் பிடித்தது அந்த சிஸ்டரின் கண். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. ஒளி செய்யும் வேலையும் அழகானது: 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீலம் தோலுக்குள் இருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம் நீரில் கரையும். முதிராத கல்லீரலை எதிர்பார்க்காமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். மருந்து இல்லை, ஊசி இல்லை. தோலில் போதுமான ஒளி விழவேண்டும், அவ்வளவுதான்.

13 ஜூலை, சனி

எங்களோடு பயிற்சிக்கு வந்திருக்கும் இறுதியாண்டு மாணவி, "சாஃப்ட்வேர் பக்கம் போகாம ஏன் சார் இதுல இருக்கீங்க?" என்று கேட்டாள். சுருக்கமாக ஏதோ சொன்னேன். முழு பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

2005-இல் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மலையடிவார ஊரில் நான்கு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். கழுத்து நிற்காது, காது கேட்காது, கை கால்கள் அவன் சொன்னபடி அசையாது. பிறந்த வாரத்தில் காமாலை ஏறி மூளையைத் தாக்கியிருந்தது. அவனைக் கொண்டுபோன இடத்தில் விளக்கு பழுதாகி மூலையில் கிடந்ததாம். அவன் அம்மா அழவில்லை, குறைசொல்லவும் இல்லை. "லைட்டு எரியல, அதான் இப்படி ஆயிடுச்சு" என்றார். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் வரும். பெரும்பாலோருக்கு அது தானாகப் போய்விடும். சிலருக்கு ஏறும். ஏறும்போது அந்த ஊரில், அந்த இரவில் விளக்கு இருக்கவேண்டும். அதற்குமேல் எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

19 ஜூலை, வெள்ளி

நல்ல விளக்கு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் டி-ரெவ் நிறுவனம் வடிவமைத்த பிரில்லியன்ஸ் விளக்கு, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பில் 2012-லேயே வந்துவிட்டது. எல்.இ.டி. என்பதால் குழல் மாற்றும் தொல்லை இல்லை, மின்சாரமும் குறைவு. 2012-இல் தமிழ்நாட்டில் எவ்வளவு மின்வெட்டு என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்வெர்ட்டரில் தாக்குப்பிடிக்கும் விளக்கு என்பது அப்போது சின்ன விஷயமில்லை.

ஆனால் எல்.இ.டி. வந்ததும் புதிதாக ஒன்று முளைத்தது. பழைய குழல்கள் கொஞ்சம் சூட்டையும் கொடுத்தன. எல்.இ.டி. அப்படிக் கொடுப்பதில்லை, எடை குறைந்த குழந்தை குளிர்ந்துபோகிறது. உடனே வார்மருக்கு மாற்றுகிறார்கள், அங்கே தலைக்கு மேல் இடமில்லை, விளக்கு சாய்கிறது. 8-ஆம் தேதி மருத்துவமனையில் பார்த்ததே அதுதான். ஆக, விளக்கை மட்டும் தனியாக வரைந்தால் போதாது. வார்மரையும் சேர்த்தே வரையவேண்டும்.

எங்கள் திட்டம்: வார்மரின் சூடேற்றிக்கு இரு புறமும் மாட்டும் ஒல்லியான இரண்டு எல்.இ.டி. பட்டைகள், உள்நோக்கிச் சாய்வாக. கூடவே மூன்று சின்ன விஷயங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் எண். ஒளி குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு. நீலத்தை நிறுத்தி வெள்ளை ஒளி தரும் பொத்தான். மூன்றாவது, சிஸ்டர்கள் கேட்டது. நீல ஒளியில் குழந்தையின் நிறம் மாறுவதே தெரியாது, உதடு நீலம் பாய்ந்தாலும் தெரியாது. போதாததற்கு இரவு முழுக்க அந்த ஒளியில் நின்றால் தலைவலி.

25 ஜூலை, வியாழன்

நைஜீரியாவின் லாகோஸில் நடந்த ஆய்வை மறுபடி படித்தேன். 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்பையும் தடுக்கும் படலத்தால் வெயிலில் பந்தல் போட்டு, அதன்கீழ் காமாலைக் குழந்தைகளைப் படுக்கவைத்தார்கள். சிகிச்சை நாட்களில் 93 சதவீதத்தில் பலன் கிடைத்தது. வழக்கமான விளக்குக்கு 90. மின்சாரம் நம்பமுடியாத ஊருக்கு எவ்வளவு பொருத்தமான யோசனை! இரவுக்கும் மழைக்கும் விளக்கு வேண்டும்தான். ஆனாலும் இதை நினைத்தவர்கள் மேல் பெரிய மரியாதை.

2 ஆகஸ்ட், வெள்ளி

மாதிரிக் கருவியோடு, 8 ஜூலை அன்று போன அதே மருத்துவமனை. இப்போதைக்குக் குழந்தை இல்லாத வார்மரில்தான் சோதனை. அனுமதிகள் எல்லாம் வராமல் குழந்தைக்கு அருகே கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. ஒளி அளவு படுக்கையின் நடுவில் 34, ஓரங்களில் 27. ஓரத்தை இன்னும் ஏற்றவேண்டும். கூட்டமான நாளில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு குழந்தைகளைப் படுக்கவைப்பது நடக்கிற காரியம். அப்போது இருவருமே ஓரத்தில்தான் இருப்பார்கள்.

வெளியே திண்ணையில் ஒரு பாட்டி. பேத்தி பழைய விளக்கில் இருக்கிறாள். "எத்தனை நாளுப்பா உள்ள வெப்பாங்க? பால் குடிக்க மட்டும் வெளிய தராங்க. தாய்க்காரி பச்ச உடம்போட தரையில உக்காந்திருக்கா." குறித்துக்கொண்டேன். பால் போதாமல் போனால் மஞ்சளும் ஏறும். தாய்க்கு வார்மரின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட இடம் விட்டுத்தான் எங்கள் கருவி நிற்கவேண்டும். இப்போது மின்கம்பி அந்தப் பக்கமாக வருகிறது. அதை மாற்றவேண்டும்.

இன்னொன்று: பட்டையை மாட்டும் பிடி. சதுரக் கம்பத்தில் கச்சிதம். வேறொரு கம்பெனி வார்மரின் உருண்டைக் கம்பத்தில் மெதுவாக வழுக்குகிறது. குழந்தையின் தலைக்கு மேல் இருக்கும் பொருளில் இதற்கு இடமே இல்லை. உள்ளே ரப்பர் ஒட்டினால் வார்மர் சூட்டில் நாளடைவில் கடினமாகிவிடும். இரு தாடையிலும் வி வடிவ வெட்டு கொடுத்து, கூடவே ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டலாம் என்று மாணவி சொன்னாள். சரியான யோசனை. வரைபடத்தை அவளே போடுகிறாள். நாளை ஆடிப்பெருக்கு, லேத் பட்டறை விடுமுறை. திங்களன்று கொடுக்கிறோம்.