புள்ளியைத் தேடுவதற்கு முன் மூச்சை எண்ணுங்கள்

புதிதாக வாங்கிய கடல் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் மீனின் உடம்பைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். வெள்ளைப் புள்ளி தெரிகிறதா, அது இக் நோயா (ஒட்டுண்ணியால் வருகிற வெள்ளைப் புள்ளி நோய்) என்பதுதான் கேள்வி. எனக்கு வேண்டியது பத்து வினாடி வீடியோ. செவுள் மூடி எவ்வளவு வேகமாக அடிக்கிறது, மீன் டேங்கில் எங்கே போய் நிற்கிறது, தீனி போட்டால் திரும்பிப் பார்க்கிறதா, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கடல் மீனை வேகமாகக் கொல்கிற ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் முதலில் செவுளில்தான் குடியேறும். தோலில் நமக்கு ஏதாவது தெரிகிற நேரத்தில் செவுள் பாதி போயிருக்கும்.

இப்போது என்னுடைய குவாரண்டைன் டேங்கில் (புது மீனைத் தனியே வைத்துக் கண்காணிக்கிற தொட்டி) இருக்கும் செபே கிளவுன் மீனை வைத்தே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற, கடலில் பிடித்த மீன். கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். கடையில் ஜோடியாக இருந்தது, பெரியது பெண், சின்னது ஆண் (கிளவுன் மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும், கூட்டத்தில் பெரியதுதான் பெண்ணாக மாறும்). கடைத் தொட்டியில் இரண்டும் சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. அதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது, ஏனென்றால் பல கடைகளில் உப்பைக் குறைத்து, ஒட்டுண்ணியைக் கொல்கிற காப்பர் மருந்தும் கொஞ்சம் போட்டு வைத்திருப்பார்கள். அந்த அளவு நோயை ஆற்றாது, அமுக்கி மட்டும் வைக்கும். வீட்டுக்கு வந்து சுத்தமான தண்ணீரில் விட்டதும் கிளம்பிவிடும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஆண் மீன் பம்ப் தண்ணீர் வந்து விழுகிற இடத்திலேயே முகத்தைக் கொடுத்து நின்றது. வாய் லேசாகத் திறந்தபடி. செவுள் மூடி பெண்ணுக்கு ஒரு தடவை அடித்தால் இதற்கு இரண்டு தடவைக்கு மேல். உடம்பில் புள்ளி ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் காப்பர் பாட்டிலை எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மூச்சு வாங்குவதற்கு நோய் மட்டுமே காரணம் இல்லை. புது குவாரண்டைன் டேங்கில் முதல் சந்தேகம் அமோனியா, மீனின் கழிவிலிருந்து வருகிற விஷம். பையில் வரும்போது மீன் விடுகிற கார்பன் டை ஆக்சைடால் பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதனால் பைத் தண்ணீரில் இருக்கிற அமோனியா அவ்வளவாக விஷமாகாமல் இருக்கும். பையைத் திறந்ததும் பி.ஹெச். ஏறும். 7-லிருந்து 8.2-க்குப் போனால் விஷமான அமோனியாவின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடும். திறந்த பைத் தண்ணீரிலேயே மீனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக டேங்க் தண்ணீர் விடுகிற பழக்கத்தை நான் கைவிட்டது இதனால்தான். கடையில் உப்பு அளவைக் கேட்டுக்கொண்டு, குவாரண்டைன் டேங்கை அதே அளவில் தயாராக வைத்து, வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுவேன். அப்புறம் சில நாட்களில் மெதுவாக உப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

டெஸ்ட் கிட்டில் அமோனியா பூஜ்யம். தண்ணீர் 27 டிகிரி, ஏர் ஸ்டோன் ஓடுகிறது. சென்னை வெயிலில் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், கடல் நீர் நன்னீரை விடக் குறைவாகத்தான் ஆக்சிஜன் பிடிக்கும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். இது இரண்டும் இல்லை என்றானதும் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் அடிக்கவேண்டும். முதுகுத் துடுப்பின் அடியில், அந்தக் கறுப்புத் தோல் மேல், ஆறிய கஞ்சியில் படிகிற ஆடை போல ஒரு சாம்பல் படலம். ஓரம் லேசாகக் கிழிந்து தண்ணீரில் ஆடியது.

இதுதான் கிளவுன் மீன்களுக்கு அதிகம் வருகிற புரூக்லினெல்லா ஒட்டுண்ணி என்று அனுபவமுள்ளவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சொல்லலாம், ஆனால் வெல்வெட் நோயைத் தருகிற அமிலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் இதே மாதிரி மூச்சு வாங்க வைக்கும், பம்ப் அருகே நிறுத்தும், தோல் மங்கும். இரண்டுமே ஓரிரு நாளில் மீனை முடித்துவிடக்கூடியவை, மருந்து மட்டும் வேறு. வெல்வெட்டுக்குக் காப்பர் கேட்கும், புரூக்லினெல்லாவுக்குக் கேட்காது. காப்பர் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் மறுநாள் மீன் இருக்காது.

ஆகவே முதலில் நன்னீர் குளியல். ஆர்.ஓ. தண்ணீரை டேங்கின் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஆப்ப சோடா கலந்து பி.ஹெச்.சை ஏற்றி, கொஞ்ச நேரம் காற்று விட்டு, அடி கறுப்பாக இருக்கும் பாத்திரத்தில் 5 நிமிடம். கறுப்பு அடி எதற்கென்றால், தட்டைப் புழுக்கள் இருந்தால் அவை வெளுத்து, எள்ளு அளவுத் தகடுகளாக உதிர்ந்து கீழே கிடப்பது தெரியும். என் மீனில் எதுவும் விழவில்லை, சளி மட்டும் நூல் நூலாக மிதந்தது.

அடுத்தது மைக்ராஸ்கோப். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது. மாணவர்கள் பயன்படுத்துகிற சாதாரண மைக்ராஸ்கோப் போதும், 100 மடங்கு பெருக்கம் போதும். ஈரக் கையால் மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு மெல்லிய இழுப்பு. அந்தச் சளியை டேங்கின் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து உடனே பார்க்கவேண்டும். குழாய்த் தண்ணீரில் வைத்தால் உயிரணுக்கள் ஊதி வெடித்துவிடும், எதையும் அடையாளம் காண முடியாது. கடல் இக், அதாவது கிரிப்டோகேரியான், பெரிய கருத்த உருண்டையாக நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழலும். வெல்வெட் முட்டை வடிவத்தில், அடர்ந்த நிறத்தில், துளியும் அசையாமல் ஒட்டிக்கிடக்கும். எனக்குத் தெரிந்ததோ அவரை விதை வடிவத்தில், ஒரு பக்கம் உள்வாங்கிய, சளிக்குள் வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்த ஏராளமான உயிர்கள். புரூக்லினெல்லா ஹாஸ்டிலிஸ். லோம், நிக்ரெல்லி என்ற ஆய்வாளர்கள் 1970-இல் விவரித்த அதே சிலியேட், அதாவது நுண்ணிய மயிரிழைகளால் நகர்கிற ஒற்றைச் செல் உயிர். இனிமேல் சந்தேகமில்லை.

இதன் வாழ்க்கை முறை இக்கைப் போன்றதல்ல. இக் மீனை விட்டு இறங்கி, தரையில் கூடு கட்டி, அதிலிருந்து குஞ்சுகள் கிளம்பி மறுபடி மீனைத் தேடும். காப்பர் கொல்வது அந்த நீந்தும் குஞ்சுகளைத்தான், அதனால்தான் அதற்கு வாரக்கணக்கில் சிகிச்சை. புரூக்லினெல்லா மீன் மேலேயே இரண்டு இரண்டாகப் பிளந்து பெருகும், கூடு கட்டும் கட்டம் கிடையாது. அவ்வளவு வேகமாகப் பரவுவதற்கும் அதுதான் காரணம், மீன் மேலேயே அடித்துக் காலி பண்ண முடிவதற்கும் அதுதான் காரணம்.

மருந்து ஃபார்மலின். 2018-இல் மீன் மார்க்கெட் செய்திகளில் அடிபட்ட அதே ஃபார்மலின்தான். 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். புற்றுநோய் உண்டாக்கும் பொருள், எனவே கையுறை, கண்ணாடி, பால்கனி, குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதை மீனுக்குப் பயன்படுத்தவே கூடாது, அந்தப் படிவு மீனுக்குக் கடும் விஷம். குளியலுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை போகலாம் என்று படித்திருப்பீர்கள், அது குளிர்ந்த தண்ணீருக்கு. 21 டிகிரிக்கு மேல் 150-ஐத் தாண்டக்கூடாது, நம் ஊரில் எப்போதுமே 21-க்கு மேல்தான். 10 லிட்டர் டேங்க் தண்ணீருக்கு 1.5 மில்லி, சிரிஞ்சில் அளந்து, கலக்கிய பிறகு மீன். 45 நிமிடம். ஃபார்மலின் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் தின்னும், செவுள் கெட்ட மீனுக்கு அது பெரிய அடி, அதனால் இரண்டு ஏர் ஸ்டோன் பலமாக ஓடவேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கவேண்டும். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் எடுத்துவிடவேண்டும்.

குளியல் முடிந்ததும் பழைய டேங்கில் திரும்ப விடாதீர்கள். வேறு டேங்க், வேறு வலை, வேறு ஏர் ஸ்டோன். இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல குளியல் கொடுத்துவிட்டு, ஒட்டுண்ணி மிதக்கிற தண்ணீரிலேயே மீனை விட்டுவிட்டு, ஃபார்மலின் வேலை செய்யவில்லை என்கிறார்கள். உள்ளே பிவிசி பைப் துண்டு, பழுத்த (நல்ல பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய) ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். கல், மணல் எதுவும் வேண்டாம்.

ஆண் மீன் பிழைக்கவில்லை. முதல் குளியலைத் தாங்கியது, அன்றிரவு கொஞ்சம் நிமிர்ந்து நின்றதுபோலக்கூட இருந்தது, விடியற்காலையில் போய்விட்டது. மனம் கேட்கவில்லை, இருந்தாலும் உடனே செவுளில் ஒரு துணுக்கு வெட்டி ஸ்லைடில் வைத்தேன். இதை இறந்த சற்று நேரத்துக்குள் செய்தால்தான் பலன், தாமதித்தால் ஒட்டுண்ணிகள் மீனை விட்டுப் போய்விடும், அழுகலைத் தின்ன வருபவைதான் கண்ணில் படும். செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, சீப்பின் பற்கள் மாதிரித் தனித்தனியாகத் தெரியவேண்டியவை தடித்துப் போயிருந்தன. இடையில் நகர்ந்துகொண்டிருந்தவை இரண்டோ மூன்றோதான். குளியல் வேலை செய்திருக்கிறது. அதற்கு முன்பே செவுள் போய்விட்டது.

பெண் மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல், ஒவ்வொரு முறையும் டேங்க் மாற்றம், சளி சுரண்டிப் பார்த்து எதுவும் அசையவில்லை என்று தெரிந்த பிறகே நிறுத்தினேன். படலம் உரிந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. புண் பரவாமல், மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சுத்தமான தண்ணீரே ஆற்றிவிடும் என்பது என் கட்சி. புண் ஆழமானாலோ துடுப்பு அரிக்க ஆரம்பித்தாலோ அப்போது யோசிக்கலாம். உயிருள்ள ஆர்டீமியா என்கிற குட்டி இறாலினத்தைத்தான் முதலில் தின்றது, பிறகு பூண்டுச் சாறில் ஊறிய மைசிஸ் இறால். பூண்டு நோயை ஆற்றும் என்று நான் நம்பவில்லை, வாசனைக்கு வருகிறது, அவ்வளவே.

மைக்ராஸ்கோப் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். கிளவுன் மீன், வேகமான மூச்சு, சளிப் படலம், அமோனியா இல்லை என்றால் ஃபார்மலின் குளியலில் தொடங்குங்கள். வெல்வெட்டாக இருந்தாலும் அது கொஞ்சம் சுமையைக் குறைத்துக் கொடுக்கும், புழுக்களையும் உதிர்க்கும். புதுத் தண்ணீரில் விட்டு ஒருநாள் பார்த்து, தோல் பொடி தூவியதுபோல் மின்னினால் அது வெல்வெட், அதற்குக் காப்பர், அதுவும் டெஸ்ட் கிட்டில் அளவு பார்த்துக்கொண்டு மட்டும்.

பெண் மீன் இப்போது ப்ராசிகுவான்டெல் என்கிற புழு மருந்தின் முதல் டோஸில் இருக்கிறது. நன்னீர்க் குளியலில் விழாத சின்னப் புழுக்கள் செவுளில் இருக்கலாம், முட்டைகளை அந்த மருந்து தொடாது, எனவே ஒரு வாரம் கழித்து இன்னொரு டோஸ். வாலின் ஓரம் இன்னும் லேசாக மங்கலாக இருக்கிறது. அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.