கடைமடைக்கு எத்தனை வாக்கு?

எங்கள் வாய்க்கால் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நான் அவ்வப்போது திருப்பிப் பார்ப்பதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மார்கழிக் கடைசியில், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடி நாங்கள் எடுத்த முடிவு அதில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கடைசி வரி, ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடிகிறது. அது பொய். 41 பேர் வந்திருந்த அந்தக் கூட்டத்தில் 6 பேர் எதிர்த்தார்கள், இருவர் வாயே திறக்கவில்லை. ஆதரித்துக் கை தூக்கிய 33 பேரில் நானும் ஒருவன்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுடையது ஒரு சிறிய கிளை வாய்க்கால். அந்த ஆண்டு மேட்டூர் அணை பிந்தித் திறந்து, இருப்பும் குறைந்து, ஆற்றிலேயே முறை வைத்துத்தான் தண்ணீர் வந்தது. வாய்க்காலின் மேல்பகுதியான தலைமடையிலும் நடுமடையிலும் சம்பா தொண்டைக்கதிரில் நின்றது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நடவே பிந்தியதால் பயிர் இன்னும் இளசு. பத்து நாளைக்குக் கடைமடை மதகில் பலகை போட்டு அடைத்துவிட்டு, வருகிற தண்ணீர் முழுவதையும் மேலே உள்ள வயல்களுக்கே கொடுப்பது என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். வாய்க்காலின் நிலத்தில் முக்கால் பங்கு மேலேதான் இருக்கிறது, எல்லாமும் அரைகுறையாகக் காய்வதைவிட முக்கால் பங்காவது பிழைக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. நடுமடையில் ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) வைத்திருக்கும் எனக்கு அது மிகவும் நியாயமான கணக்காகப் பட்டது.

கடைமடையில் ஐந்து மா வைத்திருந்த ஒரு பெரியம்மா, கணவரை இழந்தவர், தூணோரமாக உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பேசி முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “வாய்க்கா வெட்ட வீட்டுக்கு ஒரு ஆளுன்னு கணக்கு எழுதுனீங்களே தம்பி, அப்ப நான் கடைசின்னு என்ன விட்டுட்டா எழுதுனீங்க?” யாரும் பதில் சொல்லவில்லை. தூர் வாரும்போது அவர் எங்களில் ஒருவர், தண்ணீர் வரும்போது மட்டும் ஆறு பேரில் ஒருவர்.

நான்காம் நாள் இரவு யாரோ பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். கைகலப்பாகி, காவல் நிலையம் வரை போய், கடைசியில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. மேலே ஐந்து நாள், கடைமடைக்கு இரண்டு நாள் என்று முறை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் பெரியம்மாவின் வயல் வெடித்துவிட்டது. மாவுக்குப் பத்து மூட்டை காணும் நிலத்தில் இரண்டு மூட்டை கண்டது, அதிலும் கருக்காய்.

பெரும்பான்மை முடிவு தனிமனித உரிமையைக் காக்குமா, கெடுக்குமா என்று யார் பேசினாலும் எனக்கு அந்தத் தூண்தான் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகள் இதை மனத்தில் உருட்டிய பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான்: இருக்கிற தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, எத்தனை நாள் முறை, யார் மதகைப் பார்த்துக்கொள்வது என்பவற்றையெல்லாம் கை தூக்கித் தீர்க்கலாம், தீர்க்கத்தான் வேண்டும், ஒருவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதைக் கை தூக்கித் தீர்க்கக் கூடாது. ஏனென்றால் கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருப்பதே பங்காளி என்ற முறையில்தான். பங்கையே எடுத்துவிட்டால் அவரிடம் வாக்குக் கேட்டதற்கு என்ன பொருள்?

வேடிக்கை என்னவென்றால், இந்த வாதத்தைக் காவிரிப் பாசனத்துக்காரர்களாகிய நாமே நாடறியச் சொல்லி வென்றிருக்கிறோம். ஆற்றின் முழு நீளத்தையும் ஒரு வாய்க்காலாக நினைத்துப் பார்த்தால் டெல்டாதான் கடைமடை. 1983-இல் தஞ்சைப் பகுதி விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. அதன் தொடர்ச்சியாக 1990 மே மாதம் நீதிமன்றம் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. 1991 ஜூன் 25 அன்று நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சரியாக ஒரே மாதத்தில், அந்த ஆணையைச் செல்லாததாக்கக் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அந்த மாநில மக்களிடம் வாக்கெடுப்பு வைத்திருந்தால் அந்தச் சட்டம் அமோகமாக வென்றிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே நமக்கு ஒரு வாக்குக்கூடக் கிடையாது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தன் வழக்கில் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் சட்டம் இயற்றிக்கொள்ள முடியாது என்று 1991 நவம்பர் 22 அன்று நீதிமன்றம் சொன்னது. அதற்காகப் பெருமூச்சுவிட்ட அதே ஊர்க்காரர்கள்தாம், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் 33 கைகளைத் தூக்கினோம்.

யாரிடம் வாக்குக் கேட்பது என்பதும் இதில் ஒளிந்திருக்கும் கேள்வி. கோயில் நுழைவின் கதையில் அது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. 1938-இல் சென்னை மாகாணச் சட்டசபை மலபார் பகுதிக்காகக் கொண்டு வந்த கோயில் நுழைவுச் சட்டம், சாதி இந்துக்களிடம் வாக்கெடுத்துப் பெரும்பான்மை சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம் என்றது. நல்லெண்ணத்தில் பிறந்த சட்டம்தான். ஆனால் கதவுக்கு உள்ளே இருப்பவர்களிடம்தான் கதவைத் திறக்கலாமா என்று கேட்டார்கள். வெளியே நிற்பவருக்கு அந்த வாக்குச்சீட்டு கிடையாது. 1939-இன் சட்டம் அறங்காவலர்கள் திறக்க வழி செய்தது; அதிலும் வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலருக்குத் தோன்ற வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் அந்த ஆண்டு எல்லாருக்கும் திறந்தது. 1947-இல் வந்த சட்டம்தான் யாருடைய சம்மதத்தையும் கேட்காமல் அதை உரிமை என்று எழுதியது. மூன்றாண்டுகள் கழித்து அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. சம்மதம் கேட்டுக் கிடைப்பதற்கும், கேட்காமலே இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைமடைக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். உரிமை என்ற சொல்லை எப்போதும் எளியவர்தாம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எண்ணுவது டெல்டாவில் பிறந்த ஒருவனுக்கு அழகல்ல. இங்கே வேலிக் கணக்கில் (ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர்), நூறு வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தவர்களும் உரிமை என்றுதான் பேசினார்கள், அவர்களுடையது சொத்துரிமை. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் (நிலத்தின் தரத்தையும் கணக்கில் கொண்ட அளவு) என்று வரம்பு கட்டியபோது, அதில் சமத்துவ உரிமை மீறப்படுவதாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1964-இல் அதைச் செல்லாது என்றது. நாடாளுமன்றம் அதே ஆண்டில் 17-ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் போட்டு, நீதிமன்றம் தொட முடியாதபடி காப்பாற்றியது. 1970-இல் வரம்பு 15 தரநிலை ஏக்கராகக் குறைந்தது. பினாமி, அறக்கட்டளை என்று ஓட்டைகள் நிறைய இருந்தும், கொஞ்ச நிலமாவது கை மாறியது என்றால் அதைச் செய்தது வாக்குகளின் பலம். பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் ஓட்டுப் போடத் தொடங்கிய முதல் பொதுத்தேர்தல் முடிந்த சில மாதங்களில்தான், 1952-இல், தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது என்பதைத் தற்செயலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறுபுறம், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து இறந்தபோது அரசமைப்பின் உரிமைகள் அத்தனையும் ஏட்டில் இருந்தன. அந்த வழக்கில் 1973-இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோதும் இருந்தன.

ஆகவே, ‘மக்கள் கூட்டம் ஆபத்து, நீதிபதிகள் காவல்’ என்ற எளிய சூத்திரத்தை நான் ஏற்பதில்லை. நீதிபதிகளும் எண்ணித்தான் தீர்க்கிறார்கள். நாடாளுமன்றம் எத்தனை பெரும்பான்மையோடு திருத்தினாலும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் சொன்ன 13 நீதிபதிகள், 7-க்கு 6 என்று பிரிந்து நின்றார்கள். பெரும்பான்மைக்கு வரம்பு கட்டியதே ஒரே ஒரு வாக்கு. (ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் ஓர் ஏப்ரல் 24-தான், 1993-இல். ஊராட்சி நாள் விழாவில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.) கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மூன்றே ஆண்டுகளில், நெருக்கடி நிலையின்போது, சிறையில் அடைக்கப்பட்டவர் தன் உயிருக்கும் விடுதலைக்கும் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று அதே நீதிமன்றம் 4-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது. நெருக்கடி நிலையை முடித்து வைத்தது 1977-இன் வாக்காளர்கள். அந்தப் புகழில் நமக்குப் பங்கில்லை, நம் மாநிலம் அந்தத் தேர்தலில் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே பெருவெற்றி தந்தது. அடுத்த ஆண்டின் 44-ஆவது திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்றாக்கியது. கன்னாவின் தனிக்குரலை 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சரியென்று ஏற்றார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது வீணாகாமல் கிடந்ததற்குக் காரணம், அன்றைக்குத் தோற்ற கருத்தையும் தீர்ப்பின் பகுதியாக எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இருந்ததுதான்.

என் குறிப்பேட்டில் அந்த வழக்கம் இல்லை. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மக்களாட்சி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டை மேற்கோள் காட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பராந்தகன் காலத்துக் குடவோலை முறையில் பெயரைக் குடத்திலிருந்து குலுக்கி எடுத்தார்கள். கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, வயது எல்லாம் பார்த்த பிறகுதான் அந்தப் பெயர் குடத்துக்குள்ளேயே போகும். எனக்கு அதைவிடச் சுவையாக இருப்பது, ஏறக்குறைய 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த, திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு. சபையில் எதைச் சொன்னாலும் ‘அல்ல’ என்று மறித்து நிற்பவர் 5 காசு தண்டம் கட்ட வேண்டும் என்கிறது அது. முட்டுக்கட்டை போடுவதற்கென்றே வருபவர்களைப் பற்றித்தான் அந்த விதி பேசியிருக்க வேண்டும். ஆனாலும், மறுப்பவரைக் கண்டால் சபைக்கு ஏற்படும் எரிச்சல் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக மாறவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். தண்டம் போடுவது கடினமாகிவிட்ட காலத்தில் நாம் ‘ஏகமனதாக’ என்று எழுதிவிடுகிறோம்.

அடுத்த ஆடியில் மறுபடியும் கூடினோம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதப்பட்டன. முறை எத்தனை நாள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் கூடி முடிவு செய்வது; கடைமடைக்கு முறை உண்டா என்ற பேச்சைக் கூட்டத்தில் எடுப்பதில்லை. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை கடைமடையிலிருந்து தொடங்கட்டும் என்று ஒருவர் சொன்னதற்குத் தலைமடையில் முணுமுணுப்பு இருந்தது. இரண்டு பருவம் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். பெரியம்மா வேறொன்றைக் கேட்டார். “வேண்டாம்னு சொன்னவங்க பேரையும் எழுதுங்க, எழுதிட்டு நீங்க நெனச்சதச் செய்யுங்க.” அதற்காக ஒவ்வொரு தீர்மானத்துக்குக் கீழும் ஒரு கோடு இழுத்து இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு கரையிலிருக்கும் பூவரச மரங்களை வெட்டிவிட்டுப் பொக்லைன் இறக்கித் தூர் வாருவது என்று தீர்மானம் வந்தது. மரம் நின்றால்தான் கரை நிற்கும் என்று நான் பேசிப் பார்த்தேன். நிழல் விழும் வயலில் நெல் பிடிக்காது என்று என்னை மறுத்துப் பேசிக் கூட்டத்தையே தன் பக்கம் இழுத்தவர் பெரியம்மாதான். மரங்களை வெட்டியாகிவிட்டது. கோட்டுக்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று அவர் சரிபார்த்தார்.