குன்னூர் இறக்கத்தில் மட்டும் உரசும் டயர்

மூன்று வாரங்களாக என்னை அலைக்கழித்த உரசல் சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் பிடிபட்டது. இடம் பிடிபட்டதே தவிர, சத்தம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில், இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும், அதுவும் வண்டியில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது மட்டும், வலது முன்சக்கரத்தில் ‘சர்ர்’ என்று எழுந்து, நேர்ச்சாலைக்கு வந்ததும் மறைந்துவிடும் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எத்தகைய வேலை என்பதை, டயர் அளவு மாற்றும் எண்ணத்தில் இருக்கும் மலைவாசிகளுக்காக எழுதி வைக்கிறேன்.

வண்டி இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் கார், பெட்ரோல், கீழ்நிலை மாடல். அதனுடன் வந்தவை 165/80 ஆர் 14 டயர்களும் இரும்பு டிஸ்க்குகளும் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரங்கள்). டயர் அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்தபோது, இதே வண்டியின் மேல்நிலை மாடலுக்கு நிறுவனமே கொடுத்த 185/65 ஆர் 15 என்ற அளவுக்குப் போயிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. முன்னதன் விட்டம் 619.6 மி.மீ., பின்னதன் விட்டம் 621.5 மி.மீ.; வித்தியாசம் இரண்டு மி.மீ. கூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குச் செல்லும் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடிபடும் ஓசையை ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, 195/65 ஆர் 15 டயரின் 634.5 மி.மீ. விட்டம் கண்ணை மறைத்துவிட்டது. விட்டத்தில் 15 மி.மீ. கூடினால் தரைக்கும் வண்டிக்கும் இடையே கிடைப்பது அதில் பாதி, அதாவது ஏழரை மி.மீ. மட்டுமே. “ஏழரைக்குப் போய் இவ்வளவு செலவா?” என்று வீட்டில் கேட்டபோதே நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்.

விட்ட வித்தியாசம் 2.4 விழுக்காடுதான், மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு. அந்தக் கணக்கில் வராத ஒன்றில்தான் நான் விழுந்தேன். கோவையில் வாங்கிய 6 ஜே அகல (அதாவது ஆறு அங்குல அகல) அலாய் வீலின் ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரம், என் பழைய டிஸ்க்கினுடையதைவிட 10 மி.மீ. குறைவு. கடைக்காரர் “நேராக உட்காரும் சார்” என்றார், உட்காரவும் செய்தது. டயரின் அகலம் 30 மி.மீ. கூடியதால் இருபுறமும் 15 மி.மீ. பருத்தது, ஆஃப்செட் குறைந்ததால் சக்கரம் முழுவதும் மேலும் 10 மி.மீ. வெளியே தள்ளப்பட்டது. ஆக வெளிப்புறத்தில் 25 மி.மீ. பிதுக்கம், உட்புறத்தில் 5 மி.மீ. நெருக்கம். கடையில் நின்றபோது நான் உட்புறத்தை மட்டும், சஸ்பென்ஷன் தூணுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு மலையேறிவிட்டேன். ஏற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

முதல் இறக்கத்தில் சத்தம் வந்தது. வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தேன். டயர் எதையும் தொடவில்லை. பாரம் ஏற்றினால் தெரியும் என்று எண்ணி, பின்னிருக்கையிலும் டிக்கியிலும் தோட்டத்து உர மூட்டைகளை அடுக்கித் திருப்பினேன், அப்போதும் தொடவில்லை. இந்த இடத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன். பின்னால் பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு சற்று நிமிர்கிறது என்பதும், எனவே சமதளத்தில் நான் நடத்திய சோதனை முன்சக்கரத்துக்கு இடத்தைக் கூட்டிக் கொடுக்கும் சோதனையாகவே இருந்தது என்பதும் மறுநாள் பேருந்தில் அமர்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

இறக்கத்தில் நடப்பது வேறு. சரிவினாலும் பிரேக்கினாலும் எடை முன்னால் வருகிறது. நாம் சாலையின் இடப்பக்கத்தில் செல்பவர்கள் என்பதால், இடப்பக்கக் கொண்டை ஊசியில் உள்வட்டத்தில் திரும்ப வேண்டியிருக்கிறது; ஸ்டியரிங் ஏறத்தாழ முழு லாக் வரை, அதாவது அதற்கு மேல் திரும்பாத எல்லை வரை, போவது அங்கேதான். வலப்பக்க வளைவில் வெளிவட்டம் கிடைப்பதால் அவ்வளவு திருப்பத் தேவையில்லை. இடப்பக்கம் திரும்பும்போது வண்டி வலப்பக்கம் சாய்ந்து, வலது முன் ஸ்பிரிங் நன்றாக அமுங்குகிறது. அதே நேரத்தில் அந்தச் சக்கரத்தின் பின்விளிம்பு வெளிப்புறமாகப் பிதுங்கி, சேறு தெறிக்காமல் தடுக்கும் மட்ஃப்ளாப் இருக்கும் மூலையை நோக்கிப் போகிறது. எடை, சாய்வு, முழுத் திருப்பம் ஆகிய மூன்றும் ஒரே நொடியில் கூடினால்தான் அந்தச் ‘சர்ர்’ எழுகிறது. முற்றத்தில் இவற்றில் ஒன்றைத்தான் என்னால் கொண்டுவர முடிந்தது.

எனவே உரசும் புள்ளியைச் சாலையிலேயே பிடிக்க முடிவு செய்தேன். முதலில் வலது மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் முழுவதும் சுண்ணாம்புக் கரைசலைப் பூசி உலர்த்தி இறங்கினேன். பர்லியாறு வந்து பழக்கடைகளின் அருகே ஓரங்கட்டிப் பார்த்தபோது, வழியில் பெய்த சாரல் சுண்ணாம்பு முழுவதையும் கழுவிவிட்டிருந்தது. டயரில் வெள்ளை ஒட்டியிருந்ததா என்றால், எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது.

அடுத்து, பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணுக்கு மாறினேன். இந்த முறையைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். சந்தேகத்துக்கு உரிய ஏழு இடங்களில் 20 மி.மீ. உயரமுள்ள சிறு உருண்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்தேன். டயர் ஒரு இடத்தை நெருங்கினால் அந்த உருண்டை நசுங்கும். நசுங்கிய பிறகு மிஞ்சும் கனத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்தால், அந்த இடத்தில் டயருக்கு மிச்சமிருந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். நவம்பர் மாதக் குன்னூர்க் காலையில் களிமண் கல்லாக இறுகி, எதிலும் ஒட்ட மறுக்கும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. லைனரை முதலில் நன்றாகக் கழுவித் துடைத்து, களிமண்ணை அடுப்பருகே வைத்து இளக்கி, கைச்சூடு ஆறுவதற்குள் அழுத்தி ஒட்ட வேண்டும். முதல் முயற்சியில் ஏழில் நான்கு உருண்டைகள் முதல் வளைவுக்கு முன்பே உதிர்ந்து போயின.

இரண்டாம் முயற்சியில், மாமாவும் அவருடைய இரண்டு மகன்களும் என் தம்பியும் உடன் வந்தார்கள், ஐந்து பேர். பர்லியாற்றில் இறங்கிப் பார்த்தால் ஆறு உருண்டைகள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. மட்ஃப்ளாப்பின் நடுத் திருகாணிக்கு மேல் ஒட்டியிருந்த பச்சை உருண்டை மட்டும் தாளாக நசுங்கி, அதன் நடுவே திருகாணியின் தலை பளபளவென்று தெரிந்தது. அதுவரை வண்டியின் உடல் தகட்டில் உரசுகிறது என்றும், தகட்டின் விளிம்பை மடக்க வேண்டியிருக்கும் என்றும் பயந்து கொண்டிருந்தேன். குற்றவாளி 6 மி.மீ. உயரமுள்ள ஒரு திருகாணித் தலையும், அதன் பின்னால் லைனர் மடிந்து நிற்கும் மேடும்தான்.

திருகாணியை எடுத்துவிட்டுத் தட்டைத் தலையுள்ள பிளாஸ்டிக் கிளிப்பைப் போட்டேன். லைனரின் மேட்டை ஹீட் கன்னால் இளக்கி, ஈரத்துணி சுற்றிய மரக்கட்டையால் பின்னோக்கி அழுத்தி, ஆறும் வரை பிடித்துக்கொண்டேன். ஒரே இடத்தில் சூட்டைக் காட்டினால் பிளாஸ்டிக் சுருங்கிச் சுருக்கம் விழுகிறது. கையை அசைத்துக்கொண்டே, இரண்டு மூன்று தவணைகளாகச் செய்ய வேண்டும். மட்ஃப்ளாப்பையே கழற்றி எறியலாமே என்று பழக்கமான மெக்கானிக் அண்ணன் சொன்னார். மழைக்காலத்தில் தோட்டச் சாலையின் சேறு முழுவதும் கதவில் ஏறும் என்பதால் நான் இணங்கவில்லை.

அதன் பிறகு களிமண் காட்டிய இடைவெளிகள் இவை: நான் தனியாக இறங்கினால் 8 மி.மீ., மூவர் இருந்தால் 5 மி.மீ., ஐவர் இருந்தால் ஒரு மி.மீ.க்கும் குறைவு. ஐவர் இருக்கும்போது வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்துவிட்டால் பழைய ‘சர்ர்’ மெலிந்த குரலில் இன்னும் கேட்கிறது. கோடை சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்பதால், இந்தச் சாலையில் செய்ய வேண்டிய சோதனைகளை அதற்குள் முடித்தாக வேண்டும்.

உரசலை ஒதுக்கிவிட்டு ஓட்டும் தன்மையைச் சொல்வதானால், நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. ஈரச்சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் எவ்வளவு அகலத்தால் வந்தது, எவ்வளவு புது டயர் என்பதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பச்சைத் தேயிலை எடை போடும் தராசில் இரண்டு சக்கரங்களையும் ஏற்றிப் பார்த்தேன்: பழையது 14.6 கிலோ, புதியது 17.1 கிலோ. ஒவ்வொரு மூலையிலும் கூடிய இந்த இரண்டரை கிலோவைத் தோட்டச் சாலையின் சிறு குழிகளில் உடம்பு உணர்கிறது. சக்கரம் ஏறி இறங்கும் அதிர்வு முன்பைவிடக் கனமாக வருகிறது. டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 127 மி.மீ.க்குக் குறைந்ததைக் காட்டிலும் எடைதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலிமை சிறிது தளர்ந்திருப்பதும் தெரிகிறது. அதே எஞ்சின் சுழற்சியில் வண்டி 2.4 விழுக்காடு வேகமாகப் போவதன் விளைவு அது. காரமடைச் சாலையில் ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்தபோது, ஸ்பீடோமீட்டர் 60 காட்டுகையில் உண்மை வேகம் 58 ஆக இருந்தது; பழைய டயரில் அது 57. வேகமானி முன்னைவிட உண்மை பேசுகிறது.

காற்றழுத்தம் பற்றி ஒரு கிளைக்கதை. மேட்டுப்பாளையத்தில் நண்பகல் வெயிலில் 30 பி.எஸ்.ஐ. பிடித்துவிட்டு மேலே வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானியில் இரண்டரை கூடுதலாகக் காட்ட வேண்டும். மறுநாள் காலை குன்னூரில் பார்த்தால் மறுபடியும் 30தான் இருந்தது. மானி பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் 30 என்றது. கீழே 34 டிகிரி, மேலே காலையில் 17 டிகிரி. இந்தக் குளிர்ச்சி ஏறத்தாழ அதே இரண்டரையை டயருக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. இப்போது என்னிடம் இரண்டு நல்ல மானிகள் இருக்கின்றன.

சமவெளியில் 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது தனிக் கதை. மலையில் அந்த வேகம் வாய்ப்பதில்லை என்பதால் இரண்டு வாரம் தெரியவே இல்லை. ஸ்விஃப்ட்டில் சக்கரம் வந்து உட்காரும் நடுக்குமிழான ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ.; அலாய் வீலின் நடுத்துளை 73.1 மி.மீ. கடையில் இடைவளையம் எதுவும் தரவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. கோவையில் ஒரு லேத் பட்டறையில் நான்கு அலுமினிய வளையங்களைக் கடைந்து வாங்கிப் போட்ட பிறகு நடுக்கம் நின்றது. அளவு எடுக்கும்போது ஹப்பின் துருவை முழுதாகத் தேய்த்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். என் முதல் வளையம் துருவையும் சேர்த்து அளந்ததால் தளர்ந்து போய், மறுபடி கடைய வேண்டியதாயிற்று.

இனி, இதே அலாய் வீலில் 185/65 ஆர் 15 டயரை மாட்டிப் பார்ப்பதாக இருக்கிறேன்; 6 ஜே அகலம் அதற்கும் பொருந்தும். ஆரத்தில் ஆறரை மி.மீ., வெளிப்பக்க அகலத்தில் 5 மி.மீ. மிச்சமாகும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸ் 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ. பழைய டயரின் 85க்கு அது 515 கிலோதான் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய ஏழரை மி.மீ. உயரத்தில் ஆறரை மட்டும் கைவிட்டுப் போகும். நான்கு 195 டயர்களுக்கும் ஆள் கிடைக்கும் வரை, ஐந்தாவது ஆளைப் பேருந்தில் வரச் சொல்லியிருக்கிறேன். மாமாவின் இளைய மகன் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.