வெந்தய வாசனை வந்தால் பயப்படாதீர்கள்: ஜூரா ஒயின் தோட்டங்களுக்குப் போக ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் ஒயின் பழகியவர்கள் பிரான்ஸ் என்றதும் போர்தோ, ஷாம்பெயின் என்றுதான் டிக்கெட் போடுகிறார்கள். கையில் ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால், இரண்டையும் விட்டுவிட்டு ஜூராவுக்குப் போங்கள் என்பேன். பர்கண்டிக்கும் சுவிஸ் எல்லைக்கும் நடுவே, சுமார் 2,000 ஹெக்டேர் தோட்டம். திராட்சை வேரைத் தின்று கொடியை அழிக்கும் பைலோக்செரா பூச்சி வருவதற்கு முன்பு கிட்டத்தட்ட 20,000 ஹெக்டேர் இருந்த இடம் இது.

நந்தி மலைப் பக்கம் சனிக்கிழமை டிக்கெட் வாங்கி, திராட்சையை மிதித்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற பழக்கத்தோடு அங்கே போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். பல இடங்களில் தோட்டக்காரரின் வீடுதான் ருசி பார்க்கிற கூடமும். ஒயின் செய்கிறவரே டிராக்டரை விட்டு இறங்கி வந்து ஊற்றித் தருவார். அதனால் இரண்டு, மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். பிரெஞ்சில் நாலு வரி போதும்: தேதி, நேரம், எத்தனை பேர், பாட்டில் வாங்கும் எண்ணம் உண்டு என்பது. மதியம் 12 முதல் 2 வரை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்; ஞாயிறும் அப்படித்தான். செப்டம்பர் அறுவடை மாதம், தொந்தரவு செய்யாதீர்கள். மே, ஜூன் நல்லது.

பாரிஸின் லியோன் ரயில் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு டிஜிவி அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஜூராவின் ஒயின் ஊரான ஆர்புவா. சில வண்டிகளுக்கு நடுவில் மாற வேண்டியிருக்கும். ஆர்புவாவில் தங்கினால் கார் இல்லாமலே ஒன்றிரண்டு நாள் ஓட்டலாம். பூல்ஸார் திராட்சைக்குப் பேர்போன பூபிலான் கிராமம் மூன்று கிலோமீட்டர் மேட்டு வழி, நடந்தே போகலாம். தெற்கே ஷாத்தோ ஷாலோன், லெத்துவால் பக்கம் போகத்தான் கார் தேவை. ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் நேராகச் சிறு தோட்டத்துக்குப் போகாதீர்கள். ஆர்புவாவில் 1906-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு ஒன்று இருக்கிறது. அங்கே ஐந்து திராட்சை வகைகளையும் வரிசையாக ருசித்து நாக்கைப் பழக்கிக்கொண்டால், மறுநாள் தோட்டக்காரர் சொல்வது புரியும். பினோ நுவாரும் ஷார்தொனேயும் எங்கும் கிடைப்பவை. பூல்ஸார், த்ரூசோ, சவாஞான் மூன்றும்தான் இந்த மண்ணின் அடையாளம்.

வரிசை என்றதும் ஒன்று. இங்கே சிவப்பு முதலில், வெள்ளை பிறகு. பூல்ஸார் தோல் மெல்லியது. நிறம் ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் மாதிரிதான் இருக்கும். பீப்பாயில் காற்றுப் பட விட்டு வளர்த்த வெள்ளையைக் குடித்துவிட்டு அதைக் குடித்தால் வெறும் தண்ணீராகத் தெரியும். பூல்ஸாரில் லேசான முட்டை வாடை அடித்தால் கெட்டுப்போனது என்று முடிவுகட்ட வேண்டாம், கோப்பையை நன்றாகச் சுழற்றுங்கள், பெரும்பாலும் போய்விடும். வெள்ளையில் ‘உய்யே’ என்றால் ஆவியாகிக் குறையக் குறைய பீப்பாயை நிரப்பிக்கொண்டே வந்தது, பழச்சுவை தூக்கலாக இருக்கும். ‘சூ வுவால்’ என்றால் நிரப்பாமல் விட்டது. கேட்டுத் தெரிந்துகொண்டு குடியுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

நிரப்பாமல் விடுவதன் உச்சம் வான் ஜோன், மஞ்சள் ஒயின். சவாஞான் ஒயினை 228 லிட்டர் பீப்பாயில் ஊற்றி அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆவியாகிக் குறையக் குறைய, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேலே ஈஸ்ட் படலம் படரும். அறுவடையிலிருந்து ஆறாவது ஆண்டு டிசம்பர் 15 வரை பீப்பாயில் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 60 மாதம் படலத்தின் கீழ். படலம் சரியாகப் பிடிக்காவிட்டால் அசிட்டிக் அமிலம் ஏறி வினிகர் வழிக்குப் போய்விடும். அதனால்தான் பீப்பாய்க்குப் பீப்பாய் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். தேறாத பீப்பாயை மூன்று, நாலு வருடத்திலேயே இறக்கிச் சாதாரண சவாஞானாக விற்பதுண்டு. அதையும் வான் ஜோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றித் தரச் சொல்லுங்கள், ஆறு வருடம் என்ன செய்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். வால்நட், உலர்ந்த ஆப்பிள், கூடவே வறுத்த வெந்தயம். கற்பனையல்ல: சொட்டலோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் வெந்தயத்திலும் இதிலும் அந்த வாசனைக்குக் காரணம். நம் வீட்டு மூக்குக்கு இது பிரெஞ்சுக்காரர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

எச்சில் விஷயம். ருசி பார்த்த ஒயினைத் துப்ப நாம் கூசுகிறோம். ஒரு ஊற்று 30 மில்லி, பத்து வகை, மூன்று வீடு என்றால் 900 மில்லி; ஒரு முழு பாட்டிலுக்கு மேல். பிரான்சில் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமைத் தொட்டாலே வண்டி ஓட்டக் கூடாது. தொட்டியில் துப்புவதை அங்கே யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தோட்டக்காரரே முதலில் துப்புவார். ஒரு நாளில் மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம். காலையில் சென்ட் அடித்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

சைவர்கள் கவனிக்க: கூடவே நறுக்கி வைக்கும் கோம்த்தே சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலைத் திரிக்கும் ரென்னெட் இருக்கும்.

பாட்டில் கேட்டால் ‘ஒன்றுதான் தர முடியும்’ என்பார்கள். 2021 ஏப்ரல் உறைபனி மாதிரி ஒன்று வந்தால் அந்த ஆண்டு விளைச்சலே அடிபட்டுவிடும். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வான் ஜோன் வருகிற கிளாவ்லான் பாட்டில் 62 சென்டிலிட்டர், அதாவது 620 மில்லி. இந்தியச் சுங்கம் தலைக்கு இரண்டு லிட்டர் வரியின்றி விடுகிறது. மூன்று கிளாவ்லான் 1.86 லிட்டர், கச்சிதம். தோள் அகலமான பாட்டில், அதனால் வழக்கமான ஒயின் உறை இறுக்கும். துணியில் சுற்றிப் பெட்டி நடுவில் வையுங்கள். திறந்த பிறகும் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். குடிக்கும்போது 15 டிகிரி வாக்கில் இருக்கட்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வாசனை எழாது. உய்யே வகை அவ்வளவு தாங்காது. திறந்தால் ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

வெந்தயம் என்றதும் வத்தக்குழம்போடு குடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தப் புளிக்கும் காரத்துக்கும் நடுவில் ஒயின் இருக்கிற இடம் தெரியாது. நாள்பட்ட கோம்த்தே இல்லாவிட்டால் நெய்யில் வறுத்த முந்திரி போதும்.