சும்மா இருக்க விடாத ஆட்டோபைலட்

பாய்மரப் படகில் சுக்கானைத் தானாகத் திருப்பும் ஆட்டோபைலட் எதற்கு என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: கைக்கு ஓய்வு, நிம்மதியாக டீ குடிக்கலாம். குடிக்கலாம்தான். ஆனால் ஒரு காது அந்த மோட்டார் சத்தத்திலேயே இருக்கும். ர்ர்ர், ர்ர், ர்ர்ர் என்று வந்துகொண்டிருக்கும் வரை டீ இறங்கும். நடுவில் 'டக்' என்று ஒன்று கேட்டால் டீ கீழே, கை சக்கரத்தில்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். வல்வெட்டித்துறைக்காரர், எலக்ட்ரிகல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாம்பிள் ஆற்றில் 29 அடியில் பழைய படகு ஒன்றை வாங்கிக் கட்டி வைத்திருக்கிறார். கயிறு இழுக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிடுவார். அவர் மனைவி, எங்கள் அக்காவின் சாப்பாடும் படகேறும் என்பதால் நான் மறுப்பதில்லை. கடல் விஷயத்தில் அவரிடம் பேச்சே கொடுக்க முடியாது. "எங்கட ஊரிலை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938-லை அமெரிக்கா மட்டும் ஓடினது தம்பி. அதிலை ஓட்டோபைலட் இருந்ததோ?" என்பார். இல்லைதான். சுக்கான் பிடிக்க ஆள் இருந்தது. இந்தப் படகில் அந்த ஆள் நான்தான். எனவே ஆட்டோபைலட் ஓட வேண்டும் என்பதில் அவரைவிட எனக்குத்தான் அக்கறை.

சாமான் ரொம்ப எளிமையானது. சுக்கான் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்களோடு சேர்த்துப் பூட்டிய பிளாஸ்டிக் வளையம். உள்ளே 12 வோல்ட் மோட்டார், பல் வைத்த ரப்பர் பெல்ட். லீவரைத் தள்ளினால் பெல்ட் இறுகி மோட்டார் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், எடுத்தால் விட்டுவிடும். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புவது என்று சொல்ல ஒரு கணினி. அந்தக் கணினிக்குத் திசை சொல்ல ஒரு மின் திசைகாட்டி. அதில் முள் கிடையாது. கம்பிச் சுருள்களை வைத்துப் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும். இது படகின் உள்ளே, லாக்கர் ஒன்றின் தடுப்புச் சுவரில் திருகி வைக்கப்பட்டிருந்தது.

முதலில் கெட்டது பெல்ட். அதற்கு நான் ஆட்டோபைலட்டைக் குறை சொல்ல மாட்டேன். காற்று ஏறும்போது பாயைச் சுருக்காமல் விட்டால் படகு காற்றை நோக்கியே முகத்தைத் திருப்பும். அதைத் தடுக்க மோட்டார் நாள் முழுக்க ஒரே பக்கமாக மல்லுக்கட்டும். அண்ணைக்குப் பாயைச் சுருக்குவது மானப் பிரச்சினை. "உந்தக் காத்துக்கோ?" என்பார். பெல்ட் பல் பல்லாகத் தேயும்.

கழற்றுவது அரை நாள் வேலை. நடு நட்டை எடுத்த பிறகும் சக்கரம் தண்டை விட்டு வராது. தட்டி, ஆட்டி, திட்டி எடுக்க வேண்டும். அதற்கும் தண்டுக்கும் நடுவே இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் விரல்நகம் அளவு இரும்புத் துண்டு, 'சாவி' என்பார்கள், இருக்கும். அது போய் விழும் இடம் எப்போதுமே தண்ணீர்தான். அதனால் கீழே குளியல் துண்டை விரித்துவிட்டுத்தான் தொட்டோம். வளையத்தைப் பிரித்தால் அரைத்த மிளகு மாதிரி கரும்பொடி. உருளைகளைச் சுற்றி உப்பு. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, புது பெல்ட் போட்டோம். பக்கத்துப் படகுக்காரர் ஆசையோடு கிரீஸ் டப்பாவை நீட்டினார். "வாங்காதையும் தம்பி, பூசினால் பெல்ட் வழுக்கும்" என்று அண்ணை தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

புது பெல்ட்டோடு கிளம்பினோம். ஆறு தாண்டும் வரை தங்கம். கால்ஷாட் பக்கம் போனதும், வைட் தீவுக்குப் போகும் கார் ஃபெர்ரி ஒன்று அலையைக் கிளப்பிவிட்டுப் போனது. படகு ஒரு உருளு உருண்டது. உடனே சக்கரம் தானாகச் சுற்றி, எங்களைப் பிராம்பிள் மணல்திட்டுப் பக்கம் திருப்பியது. வருஷத்தில் ஒருநாள் நீர் நன்றாக வற்றும்போது ஆட்கள் இறங்கிக் கிரிக்கெட் ஆடுகிற திட்டு அது. நாங்கள் ஆடப் போகவில்லை. சக்கரத்தைப் பிடுங்கித் திருப்பினேன். அடுத்த அலைக்கு எதிர்ப்பக்கம். அங்கே ஒரு பயணக் கப்பல் வந்துகொண்டிருந்தது. 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் அந்த வழியில் வந்தால் அதன் முன்னால் 1000 மீட்டருக்குள் சின்னப் படகுகள் போகவே கூடாது. முன்னால் வந்த ரோந்துப் படகுக்காரர் கையை விசிறினார். அண்ணை பதிலுக்குக் கையசைத்து முகமன் சொன்னார்.

"பெல்ட்டை இறுக்கிப் பாப்பம்." இறுக்கினோம். "வயர் இணைப்பு உப்புப் பிடிச்சிருக்கும்." சுரண்டினோம். "திசைகாட்டிக்குத் திரும்பப் பழக்க வேணும்." அதையும் செய்தோம். திசைகாட்டி தன் பிழையைக் கணக்கிட்டுக்கொள்ள, அமைதியான நீரில், ஒரு வட்டத்துக்கு 2 நிமிடத்துக்குக் குறையாமல், படகை மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற, ஒரு படகுக்காரர் அருகில் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார். முடிவில் திரையில் விலகல், அதாவது திசைகாட்டி பிசகும் அளவு, 23 பாகை என்று வந்தது. 15-க்கு மேல் போனால் திசைகாட்டியை வேறு இடத்தில் வை என்கிறது கையேடு. அண்ணையோ கையேட்டை மூடிவிட்டு, "மிசினுக்கு வயசு போட்டுது" என்று தீர்ப்பு எழுதினார்.

எனக்கு உறுத்தியது வேறு. படகு திரும்புவதற்கு ஒரு நொடி முன்னால் உள்ளே எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு தடவையும். பெல்ட்டில் இருந்து அப்படி வராது. துறைக்குத் திரும்பிக் கட்டியதும் லாக்கரைத் திறந்தேன். திசைகாட்டிக்கு ஒரு சாண் தள்ளி, வார்ப்பிரும்புத் தோசைக்கல். இந்தப் பக்கம் சாய்ந்தால் சுவரோடு, அந்தப் பக்கம் சாய்ந்தால் தள்ளி. அது வழுக்கிய தூரத்துக்கு ஏற்ப வடக்கும் இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தேகமே வேண்டாமென்று சோதித்தும் பார்த்தோம். படகு கயிற்றில் அசையாமல் நிற்கிறது. அண்ணை உள்ளே தோசைக்கல்லை நகர்த்துகிறார், நான் வெளியே திரையைப் படிக்கிறேன்: 210, 222, 240, மறுபடி 205. "இன்னும் ஒருக்கா!" என்று உள்ளிருந்து குரல். அவர் ரசித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ரசிக்கவில்லை. "அம்மா தந்த கல்லு. வீட்டை கொண்டு போனால் படகிலை ஆர் உங்களுக்குத் தோசை சுடுறது? உங்கட மிசினைக் கழட்டி அங்காலை வையுங்கோ."

திசைகாட்டிதான் இடம் மாறியது. முன் அறையில் கட்டிலுக்குக் கீழே, கேபிளை நீட்டி. எட்டாத மூலைகளில் எல்லாம் என் கையைத்தான் விட்டார்கள். மறுபடி வட்டம் சுற்றினோம். விலகல் 4 பாகை. அண்ணை பெருமையோடு கட்டில் பலகையில் 'இரும்புச் சாமான் வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினார். அடுத்த வாரம் போனபோது அதன் கீழே அக்காவின் கையெழுத்து: 'எவர்சில்வர் பரவாயில்லைத்தானே?' அண்ணை ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையல் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி ஒட்டியது, சட்டிகள் ஒட்டவில்லை.