செத்த கோழியை எங்கே கொண்டு போவது?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் காங்கயம் பக்கம் கோழிச்சீக்கு பற்றிய பேச்சும் வந்துவிடும். போன வருடம் அது எங்கள் கொட்டகைக்கே வந்தது. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த பெட்டை ஒன்று இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுந்தது. அப்புறம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். மறுநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் செத்துக் கிடந்தது. இன்னொரு சேவலுக்குக் கழுத்து திருகிக்கொண்டது.

"நல்லா இருக்கறதை இன்னைக்கே வித்துப்போடு கண்ணு, செத்ததை வாய்க்கால்ல வீசிரு" என்றார் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா. அவர் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் சீக்கு ஊர் ஊராகப் பரவுவது இந்த இரண்டு வழியிலும்தான். வெளியே நலமாகத் தெரியும் கோழிக்குள் கிருமி இருக்கலாம். சந்தையில் அதே கூண்டில் அடைபடும் மற்ற கோழிகள் வழியே அது வேறு ஊர்களுக்குப் போய்விடும். வீசிய கோழியை நாய் இழுத்துத் திரியும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா, வேறு ஏதாவதா? கண்ணால் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. கால்நடை மருந்தகத்துக்கு போன் செய்தேன். செத்து சில மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அழுகிவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாதாம். கையுறை போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். ஃப்ரீசரில் உறையவைக்கக் கூடாது.

செத்த கோழியை அறுத்துப் பார்ப்பதற்கு முன்னால் டாக்டர் நிறையக் கேட்டார். புதிதாகக் கோழி வாங்கினீர்களா? ஊரில் காக்கை, கொக்கு செத்து விழுந்ததா? கொண்டை நீலம் பாய்ந்ததா, தலை வீங்கியதா? மொத்தமாகத் திடீரென்று செத்தனவா? இவற்றுக்கு ஆமாம் என்று பதில் வந்திருந்தால் அங்கேயே அறுக்காமல் வேறு ஏற்பாடு செய்திருப்பார். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் வரை போகும். எங்கள் கோழியின் இரைப்பையைத் திறந்து உட்சுவரில் இருந்த ரத்தப் புள்ளிகளைக் காட்டினார். வெள்ளைக்கழிச்சல்தான் என்று அவருக்குப் பட்டது; இருந்தாலும் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவும் அப்படியே வந்தது.

பலர் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம், அதிகாரிகள் வந்து எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது டிவியில் பார்த்த காட்சிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை அழிப்பது விதி. அப்படி அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. முன்பே செத்துப்போனதற்குக் கிடையாது. ஆகவே சீக்கிரம் சொல்பவருக்குத்தான் நஷ்டம் குறைவு. வெள்ளைக்கழிச்சலுக்கோ நம் நாட்டில் தடுப்பூசிதான் வழி, ஊரையே அழிப்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் கால்நடை தொற்றுநோய்ச் சட்டப்படி இரண்டையுமே தெரிவிக்கவும், நோயுற்றதைத் தனியே பிரிக்கவும் கோழி வைத்திருப்பவர் கடமைப்பட்டவர். வீட்டுக்கோழி நாலு வைத்திருந்தாலும் இது பொருந்தும்.

முடிவு வரும்வரை ஒரு கோழியையும் வெளியே விடவில்லை, விற்கவில்லை, யாருக்கும் முட்டை கொடுக்கவில்லை. செத்தவற்றை ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கொட்டகைக்குத் தனிச் செருப்பு. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. கீழாநெல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து உருண்டையாகக் கொடுத்தோம், கொடுப்பதில் தவறில்லை; ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சின்ன மந்தைக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் தடுப்பூசிக் குப்பிதான். ஒரு குப்பியில் 100, 200 கோழிக்கு மருந்து இருக்கும். ஐஸிலேயே வைத்திருந்து, கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்து கோழிக்காக யார் வாங்குவார்கள்? அதனால்தான் போடாமல் விட்டுவிடுகிறார்கள். எல்லார் கோழியும் மேய்வது ஒரே குப்பைமேட்டில் என்பதால் ஒரு வீடு மட்டும் போட்டால் தெருவில் சீக்கு நிற்காது. நோய் முழுதாக அடங்கிய பிறகு, ஆத்தா வீடு உட்பட எங்கள் தெருவே சேர்ந்து ஒரு குப்பி வாங்குவது என்று பேசி முடித்தோம். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, குடிக்கும் தண்ணீரில் கலந்து. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மருந்தைக் கெடுத்துவிடும் என்பதால் கிணற்றுத் தண்ணீர்தான். எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்.டி.வி.கே. என்கிற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. இந்தக் கடைசி ஊசியை அதற்கும் சின்னக் குஞ்சுக்குப் போடவே கூடாது, அதுவே நோயாகிவிடும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாமில் பெரிய கோழிகளுக்கு இதைத்தான் போடுகிறார்கள். முகாம் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் அடைத்து வையுங்கள். புதிதாக வாங்கும் கோழியை மூன்று வாரம் தனியாக வைத்த பிறகுதான் இப்போது தெருவில் எல்லாரும் மற்றவற்றோடு சேர்க்கிறார்கள். கோழி அம்மைக்கான தடுப்பூசியையும் இதேபோல் சேர்ந்து வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.