தேர் போன தெருவில்

"ஏனுங்க மாமா, ரோடெல்லாம் இப்படி உப்பாக் கெடக்குது?"

கோவையில் கோனியம்மன் தேர் போன பிறகு ஒப்பணக்கார வீதியில் அக்கா மகள் கேட்டாள். தேர் மேல் உப்பு வீசி வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். கல்லுப்பு, செருப்புக்கடியில் நரநரவென்றது.

அத்தார் ஜமாஅத் பள்ளிவாசல் முன்னால், தேருக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். எனக்குத் தேரைவிட இதைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

அப்புறம் 1892இல் கட்டிய டவுன்ஹால். செல்ஃபி எடுத்தாள், சரி.

வெரைட்டி ஹால் ரோட்டில்தான் கதை கேட்க நின்றாள். சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னாளில் அதுதான் டிலைட் தியேட்டர்.

இத்தனையும் நடக்கிற தூரத்துக்குள். நாமோ துணி எடுக்க வந்து, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டுப் போகிறோம்.

"கூடாரத்துல என்ன படங்க மாமா காட்டுனாரு?"

"இயேசுவோட கதை. பேசாத படம்."

"அதுக்கும் கூட்டம் வந்துச்சுங்களா?"

வந்ததால்தானே அம்மிணி, தியேட்டரே கட்டினார்!